பகைச் சரக்கு

திருவண்ணாமலையிலிருந்து கலசபாக்கம், போளூர், கண்ணமங்கலம் வழியாக வேலூருக்குச் செல்லும் சாலை ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுடையது. 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் தனி மாவட்டம் அமையும்வரை இவ்வூர் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாவட்டத் தலைநகர் வேலூர். கலெக்டர் கச்சேரிக்கும் கோர்ட்டுக்கும் நம் முன்னோர் அச்சாலையில்தான் சென்றனர். ஆயினும் வழக்குக்காகச் சென்றவர்களைவிட நோய்க்காகச் சென்றவர்களே மிகுதி என்று நமக்குத் தோன்றுவதுண்டு. 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலுடன் தொடங்கிய மருத்துவமனை, கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்து, 1971-இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையை நிகழ்த்தியது. ஒருவர் உடலில் பிறந்த உறுப்பு மற்றொருவர் உடலில் நின்று வேலை செய்யும் அதிசயம், நம் வீட்டு வாசலிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் நிகழ்ந்துவிட்டது.

அதிசயத்தைக் கண்டோர் பலர் எழுதிவிட்டனர். அறுவை முடிந்து, தையல் ஆறி, நோயாளி ஊர் திரும்பிய பின் நடப்பதைப் பற்றி எழுதியோர் சிலரே. அதைப் பற்றி எழுத நம்மைத் தூண்டியவர் நம் நண்பர் ஒருவர். இவ்வூரில் சிறியதொரு ஜவுளிக் கடை நடத்துபவர். இரு சிறுநீரகங்களும் பழுதாகி, வெளியூர் மருத்துவமனை ஒன்றில் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர். கொடுத்தவர் அவருடைய உடன்பிறந்த தங்கை. நான்கு ஆண்டுகள் குறையொன்றுமின்றிக் கடந்தன. அதன்பின் மாலை வேளைகளில் காய்ச்சல் காணத் தொடங்கியது, இருமலும் வந்தது, உடல் இளைத்தது. உள்ளூர் மருத்துவர் ஒருவர் சளியைச் சோதித்துக் காசநோய் என்று கண்டார். அவர் கண்டது சரியே. உலகெங்கும் எல்லா மருத்துவரும் கொடுக்கும் மாத்திரைகளையே அவரும் கொடுத்தார். அதிலும் தவறில்லை. இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுவதை நண்பர் சொன்னார். சிறுநீரகம் மாற்றப்பட்டதை மட்டும் சொல்லவில்லை. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். சின்ன ஊர், மருத்துவரிடம் சொன்னால் கம்பவுண்டருக்குத் தெரியும், கம்பவுண்டருக்குத் தெரிந்தால் கடைத்தெருவுக்கே தெரியும் என்பது அவர் கணக்கு.

மூன்றாம் வாரத்தில் கால்கள் வீங்கின, சிறுநீர் குறைந்தது. காய்ச்சலோ தணிந்திருந்தது! காசநோய் மருந்து தன் வேலையைச் செம்மையாகச் செய்துகொண்டிருந்தது. தங்கையின் சிறுநீரகத்தைக் காத்து வந்த மருந்தும் தவறாமல் காலையும் மாலையும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பின் எது எதைக் கெடுத்தது?

மருந்தோடு மருந்து மோதும் என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. இடைக்காடர் முதலான சித்தர்களின் நினைவு மலைச்சாரல் எங்கும் நிறைந்திருக்கும் ஊர் இது. சித்த மருத்துவ நூல்கள் சரக்குகளை நட்புச் சரக்கு என்றும் பகைச் சரக்கு என்றும் பிரித்து வைத்தன. ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் வலிமை பெறுவன நட்பு. ஒன்றின் குணத்தை மற்றொன்று முறிப்பன பகை. இப்பிரிவு பெரிதும் உலோகங்களையும் உப்புகளையும் பாடாணங்களையும் மருந்தாக முடிக்கும் முறையைச் சார்ந்தது என்பதை மறக்கலாகாது. நோயாளியின் குடலுக்குள் நடப்பதை அது குறித்ததாகக் கொள்வது மிகையாகும். ஆனால் பத்தியம் என்ற சொல் நோயாளியையே நோக்கியது. மருந்து உண்ணும் நாளில் எதை உண்ணலாகாது என்று கேட்கும் பழக்கம் நம் பாட்டிமாருக்கு இருந்தது. ஆங்கில மருந்துக்குப் பத்தியம் இல்லை என்று யாரோ ஒருவர் சொல்லப்போக, அக்கேள்வியையும் சேர்த்துக் கைவிட்டுவிட்டோம்.

அரபு மருத்துவ உலகமும் இச்சிக்கலை ஆழ்ந்து சிந்தித்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் அல்-கிந்தி கூட்டு மருந்துகளின் வீரியத்தைக் கணித முறையால் அளந்தறிய முயன்று தனி நூலே யாத்தார். கி.பி. 1037-இல் மறைந்த இப்னு ஸீனா, தம் ‘அல்கானூன்’ பெருநூலின் இரண்டாம் பாகத்தில் தனி மருந்துகளையும் ஐந்தாம் பாகத்தில் கூட்டு மருந்துகளையும் வைத்துப் பேசுகிறார். ஒரு மருந்தின் குணத்தை அனுபவத்தால் அறிவதற்கு அவர் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, அம்மருந்தை ஒற்றை நோயின்மீது சோதிக்க வேண்டும், பல நோய் கலந்த நிலையில் சோதிக்கலாகாது என்பது. கூட்டு மருந்து ஒன்று, அதில் சேர்ந்த பொருள்கள் எதனிடத்தும் தனியே காணப்படாத புதுக் குணத்தைப் பெறக்கூடும் என்பதையும் திர்யாக் எனும் நஞ்சு முறி மருந்தைப் பற்றிப் பேசுமிடத்தில் அவர் ஏற்கிறார். ஹகீம்கள் ஒரே கலுவத்தில் இட்டு அரைத்த கூட்டு அது. எதை எதனோடு சேர்க்கிறோம் என்பது அரைப்பவருக்குத் தெரியும். இக்காலக் கூட்டோ நோயாளியின் வயிற்றில் நிகழ்கிறது. ஒரு சரக்கை வேலூர் கொடுக்கிறது. மற்றொன்றை திருவண்ணாமலை கொடுக்கிறது. கலுவத்தைப் பார்ப்பவர் எவருமில்லை.

உறுப்பு மாற்றின் முதல் வெற்றிக்கு மருந்தே தேவைப்படவில்லை. 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஜோசப் மரேயும் அவர் குழுவினரும் ஒரு சகோதரரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினர். இருவரும் ஒரே கருவில் பிரிந்த இரட்டையர். ஆகவே உடல் அதை அந்நியமாகக் கருதவில்லை. மற்றவர் உறுப்பென்றால் உடல் எதிர்த்துப் போரிடும். அப்போரை அடக்க முதலில் வந்த நம்பகமான மருந்து அசாதயோப்ரின். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் இரத்தப் புற்றுநோய்க்கென்று செய்த மெர்காப்டோப்யூரினிலிருந்து பிறந்தது. பிரட்னிசோலோனும் அதனோடு சேர்ந்தது. எழுபதுகளில் வேலூரில் சிறுநீரகம் பெற்றவர்கள் இவ்விரண்டையும் நம்பியே வாழ்ந்தனர்.

மருந்துப் பகையின் முதல் பாடமும் இம்மருந்திலேயே இருந்தது. அதை நினைக்குந்தோறும் நமக்கு வியப்பு மேலிடுகிறது. மெர்காப்டோப்யூரினை உடல் மிக விரைவில் சிதைத்துவிடுகிறது என்று கண்ட எலியனும் ஹிட்சிங்ஸும், சிதைக்கும் நொதியைத் தடுத்து நிறுத்தவே அலோப்யூரினால் என்ற பொருளைக் கையாண்டனர். அதாவது, ஒரு மருந்தை வலுவாக்குவதற்காகவே கொண்டுவரப்பட்ட துணை அது. அதே நொதிதான் யூரிக் அமிலத்தை உண்டாக்குகிறது என்பதால், அத்துணை மருந்து கீல்வாத வகைகளுள் ஒன்றான ‘கவுட்’ நோய்க்கு நல்மருந்தாயிற்று. 1966-இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு யூரிக் அமிலம் ஏறுவது வழக்கம். கால் பெருவிரல் வீங்கி, எரிகிற வலியோடு அவர் பக்கத்துத் தெரு மருத்துவரிடம் போவார். அவர் அலோப்யூரினால் எழுதுவார். உள்ளே அசாதயோப்ரின் சிதையாமல் தேங்கும், எலும்பு மஜ்ஜை வாடும், வெள்ளணுக்கள் வீழும், சிறு காய்ச்சலும் உயிரைக் கொண்டுபோகும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தே ஆகவேண்டுமெனில் அசாதயோப்ரினைக் கால் பங்காகக் குறைக்க வேண்டும் என்பது பாடநூலில் அன்றே ஏறிவிட்டது. ஒரே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இரு மருந்துகள், ஒன்றை மற்றொன்று என்ன செய்யும் என்பது பிறப்பிலேயே தெரிந்த மருந்துகள். அவற்றிடையே இன்றும் நோயாளிகள் சிக்குகின்றனர். அறியாமை மட்டுமே காரணமெனில் இது நடந்திருக்க வேண்டியதில்லை. எலியனுக்கும் ஹிட்சிங்ஸுக்கும் 1988-இல் நோபல் பரிசு கிடைத்தது, மரேக்கு 1990-இல்.

இனி மண்ணின் கதைக்கு வருவோம். நார்வே நாட்டின் ஹார்டாங்கர்விடா மேட்டு நிலத்திலிருந்து சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் நிறுவனத்துக்குச் சென்ற ஒரு பிடி மண்ணில் பூசணம் ஒன்று இருந்தது. அது சுரந்த பொருள் தடுப்பாற்றலை அடக்கும் என்பது 1972-இல் புலப்பட்டது. அதுவே சைக்ளோஸ்போரின். 1978-இல் கேம்பிரிட்ஜில் ராய் கான் அதை மனிதருக்குக் கொடுத்தார். 1983-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. மாற்று உறுப்புகளின் ஆயுள் ஒரு தாவலில் உயர்ந்தது. ஈஸ்டர் தீவின் மண் சிரோலிமஸைத் தந்தது. ஜப்பானில் சுகுபா பகுதியின் மண் 1984-இல் டாக்ரோலிமஸைத் தந்தது. நம் நண்பர் உண்டது இதுவே. இவை பிறப்பதற்கு முன்பே, 1957-இல், பிரான்சின் தென்கடற்கரைப் பைன் தோப்பொன்றின் மண்ணை இத்தாலியின் லெபெட்டிட் ஆய்வுக்கூடம் ஆராய்ந்து ரிபாமைசினைக் கண்டது. அக்குலத்தில் உதித்ததே ரிபாம்பிசின். காசநோய்ச் சிகிச்சையை ஒன்றரை ஆண்டிலிருந்து ஆறு மாதமாகக் குறைத்த பெருமை அதற்குரியது. ஆக, உலகின் வெவ்வேறு மூலைகளில் கிடந்த மண்கட்டிகள் இவை, ஒன்றையொன்று கண்டதில்லை. மனிதனின் குடலிலும் கல்லீரலிலும்தான் முதன்முறை சந்தித்தன. சந்தித்த இடத்தில் பகைத்தன.

எவ்வாறு பகைத்தன என்பதை ஆரணி அரிசி ஆலையை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். கல்லீரலிலும் குடலின் உட்சுவரிலும் சைட்டோகுரோம் பி-450 என்னும் நொதிக் குடும்பம் உண்டு. ஜப்பானிய அறிஞர் ஒமுராவும் சாட்டோவும் 1962-இல் இட்ட பெயர். அதன் 3ஏ4 என்ற உறுப்பினர்தான் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் ஆகியவற்றை அரைத்துத் தள்ளும் இயந்திரம். எவ்வளவு அரைபடும் என்று கணக்கிட்டே மருத்துவர் அளவு குறிக்கிறார். ரிபாம்பிசின் வந்தால் ஆலையில் புதிது புதிதாக இயந்திரங்கள் ஏற்றப்படும்; போட்ட நெல்லெல்லாம் தவிடாகும்; இரத்தத்துக்குப் போய்ச் சேர எதுவும் மிஞ்சாது. வேறு சில மருந்துகள் இதற்கு நேர்மாறாக இயந்திரத்தில் கல்லைப் போட்டதுபோல் அதை நிறுத்திவிடும். அரைபடாத மருந்து குவிந்து சிறுநீரகத்தையே நஞ்சாக்கும். முதலாவதில் உறுப்பு பட்டினியால் சாகிறது. இரண்டாவதில் விருந்தால் சாகிறது. ரிபாம்பிசின் எந்த விசையை அழுத்தி இயந்திரங்களைப் பெருக்குகிறது என்பதோ 1998-இல்தான் கண்டறியப்பட்டது.

விசை தெரிவதற்கு நெடுங்காலம் முன்பே விளைவு தெரிந்துவிட்டது. 1976-இல், சைக்ளோஸ்போரின் வருவதற்கும் முன்னரே, ரிபாம்பிசின் பிரட்னிசோலோன் வகை மருந்துகளின் வலிமையைக் குன்றச் செய்து மாற்றுச் சிறுநீரகத்தைப் பாதிக்கிறதென்று அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். 1983 முதல் சைக்ளோஸ்போரினையும் அது வீழ்த்துகிறது என்ற அறிக்கைகள் வந்தன. ஒவ்வோர் அறிக்கைக்கும் பின்னால் ஒரு நோயாளி இருக்கிறார். இரத்தத்தில் மருந்தைக் காணோமே என்று திகைத்த ஒரு மருத்துவரும் இருக்கிறார். எலிகளிடத்தும் சோதனைக் குழாயிலும் கற்றதைவிட, யாரோ ஒருவர் கொடுத்த உறுப்பு நலிவதைக் கண்டே இத்துறை மிகுதியாகக் கற்றது.

மேலை நாட்டாருக்கு இது அரிதாக நேரும் சிக்கல். அங்கே உறுப்பு மாற்றுப் பெற்றோரில் நூற்றுக்கு ஓரிருவர் காசநோய்க்கு ஆளாயினர். வேலூர் மருத்துவர்கள் 2001-இல் வெளியிட்ட ஆய்வோ தம்மிடம் சிறுநீரகம் பெற்றோரில் நூற்றுக்கு 13 பேர் அளவில் காசநோய் கண்டதைக் காட்டியது. தடுப்பாற்றலை அடக்கினால் உள்ளே உறங்கும் கிருமி எழும். நம் நாட்டில் அக்கிருமி உறங்கும் நெஞ்சுகள் பல. ஆகவே நூல்களில் ஒரு வரியாகக் கிடந்த எச்சரிக்கை இங்கே அன்றாட வினாவாயிற்று. ரிபாம்பிசினைக் கொடுத்தால் சைக்ளோஸ்போரினை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஏற்ற வேண்டும். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் நிலம் விற்று, நகை விற்று அந்த மருந்தை வாங்கிய குடும்பங்கள் இருந்தன. ஓராண்டு முடிந்ததும் செலவு தாளாமல் நிறுத்தியவர்களும் இருந்தனர். மூன்று மடங்குக்கு எங்கே போவார்கள்? எனவே இந்திய மருத்துவர்கள் வேறொரு வழி கண்டனர். ரிபாம்பிசினை விடுத்து, ஐசோநியாசிட், எதாம்பியூட்டால், பைரசினமைடு, ஓப்லாக்சசின் ஆகியவற்றைக் கொண்டு நெடுநாள் சிகிச்சை அளித்தனர். பின்னாளில் அதே குலத்து ரிபாபியூட்டின் கிடைத்தது. இயந்திரங்களை அது அவ்வளவாகப் பெருக்குவதில்லை.

1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளி வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று உலகுக்கு மெய்ப்பித்துக் காட்டியது என்பதையும் இங்கு நினைக்க வேண்டும். அவ்வெற்றியின் வழிவந்த அரசுத் திட்டம் இன்று நான்கு மருந்துகளையும் ஒரே மாத்திரையில் அடக்கித் தருகிறது. கோடிக்கணக்கானோருக்கு அது பேருதவி. ஆயின், நான்கில் ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டியவன் அம்மாத்திரையிலிருந்து ரிபாம்பிசினை எப்படிப் பொறுக்கி எடுப்பான்? அவன் யாரென்று முன்னரே தெரிந்தால்தான் அவனுக்கு வேறு மாத்திரை தர முடியும். நம் நண்பர் வாயை மூடிக்கொண்டதன் விலை இது.

பகைச் சரக்கை நட்பாக்கிய வரலாறும் ஒன்று உண்டு. பூசண நோய்க்கான கெட்டோகோனசோல், மேற்சொன்ன இயந்திரத்தை நிறுத்தும் இனத்தது. சைக்ளோஸ்போரினோடு சேர்ந்தால் அதன் அளவு இரத்தத்தில் அபாயகரமாக ஏறுவதை 1982-லேயே கண்டுவிட்டனர். அப்படியானால், வேண்டுமென்றே சிறிதளவு கெட்டோகோனசோலைக் கொடுத்து, விலையுயர்ந்த சைக்ளோஸ்போரினைக் குறைத்தால் என்ன என்று அமெரிக்காவில் சின்சினாட்டி மருத்துவர்கள் எண்ணி, 1989-இல் அதன் முடிவுகளை வெளியிட்டனர். தேவைப்பட்ட அளவு முக்கால் பங்கு வரை குறைந்தது! எகிப்தின் மன்சூரா நகரத்துச் சிறுநீரக மையத்தாரும் இதை முறையாகப் பரிசோதித்து 1995-இல் எழுதினர். நம் நாட்டு மருத்துவர்கள் இரத்தக் கொதிப்பு மருந்தான டில்டியாசெம்மை இவ்வகையில் பயன்படுத்தினர். ஒரே மாத்திரையால் கொதிப்பும் தணிந்தது, செலவும் தணிந்தது. வறுமை கற்பித்த வைத்தியம் என்று இதைச் சொல்லலாம், இழிவாகச் சொல்லவில்லை. ஆனால் இதற்குள் ஒரு கத்தி ஒளிந்திருக்கிறது. டில்டியாசெம்மைக் கண்ட உள்ளூர் மருத்துவர், இது பழைய மருந்து, இதைவிட நல்லது தருகிறேன் என்று மாற்றிவிட்டாரானால், சைக்ளோஸ்போரின் சட்டென்று சரிந்துவிடும். சேர்ப்பதில் மட்டுமன்று, நிறுத்துவதிலும் பகை இருக்கிறது. கெட்டோகோனசோல் மாத்திரையோ கல்லீரலுக்குக் கேடு என்று 2013-இல் பல நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டது.

உணவுக்கும் இதில் பங்குண்டு என்பது தற்செயலாகத் தெரிந்தது. கனடா நாட்டு டேவிட் பெய்லி, இரத்தக் கொதிப்பு மருந்தொன்றோடு மது சேர்ந்தால் என்னாகும் என்று ஆராய்ந்தபோது, மதுவின் சுவையை மறைக்கக் கிரேப்புரூட் பழச்சாற்றைக் கலந்தார். மருந்தளவு எதிர்பாராமல் ஏறியது. குற்றவாளி மதுவன்று, பழச்சாறு என்று 1989-இல் வெளிப்பட்டது. குடற்சுவரிலுள்ள இயந்திரத்தை அச்சாறு முடக்கிவிடுகிறது. கிரேப்புரூட் நம் சந்தையில் அருமை என்று ஆறுதல் கொள்ள வேண்டா. அதன் தாய்ப்பழங்களுள் ஒன்று பம்பளிமாசு. 2003-இல் ஜப்பானில் சிறுநீரகம் மாற்றப்பட்ட ஒருவர் பம்பளிமாசு உண்டதும் டாக்ரோலிமஸ் அளவு ஏறியதை மருத்துவர்கள் பதிவு செய்தனர். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு போவதில்லை. பழந்தான் வாங்கிப் போகிறோம்.

பௌர்ணமி இரவில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் இலட்சக்கணக்கானோர் நடக்கும் ஊர் இது. வழிநெடுக மூலிகைக் கடைகள், வேர்கள், பொடிகள், சாறுகள். மூலிகை என்றாலே தீங்கற்றது என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிவிட்டது. மனச்சோர்வுக்கென்று மேலை நாட்டுக் கடைகளில் தாராளமாக விற்ற செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகையை உண்ட இருவரின் மாற்று இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியதை, 2000-ஆம் ஆண்டில் ஜூரிச் நகர மருத்துவர்கள் எழுதினர். ரிபாம்பிசினைப் போலவே அதுவும் இயந்திரங்களைப் பெருக்குவது. நம் சமையலில் சேரும் மஞ்சள் குற்றமற்றது. ஆனால் அதையே நோய் தீர்க்குமென்று நாள்தோறும் கரண்டி கரண்டியாக விழுங்கிய ஒருவருக்கு டாக்ரோலிமஸ் நஞ்சேறியதாக 2017-இல் ஓர் அறிக்கை வந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுவோம், மருந்துப் பகையைச் சேர்ந்ததன்று எனினும். பிரஸ்ஸல்ஸ் நகரில் உடல் இளைக்கவென்று மூலிகைப் பொடி உண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் இழந்த செய்தி 1993-இல் வெளியாயிற்று. கேடு விளைத்தது அரிஸ்டோலோகியா இனத்துச் செடி. நம் கரிசல் காடுகளில் வளரும் ஆடுதின்னாப்பாளை அதே இனத்தது. ஆடு தின்னாது என்று பெயரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போனார்கள் முன்னோர்.

இவை யாவும் அரிய செய்திகள் என்று எண்ணுவோர்க்கு அன்றாடச் செய்தியையும் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கும் டைக்ளோபினாக் மாத்திரை. சிறுநீரகத்துக்குள் இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாயை டாக்ரோலிமஸ் சற்றுச் சுருக்குகிறது. உடல் தானே சுரக்கும் ஒரு பொருள் அதை விரித்து வைத்துக் காக்கிறது. வலி மாத்திரை அப்பொருளைத் தடுத்துவிடுகிறது. தொண்டைப் புண்ணுக்குக் கொடுக்கும் எரித்ரோமைசினும் கிளாரித்ரோமைசினும், படர்தாமரைக்கும் வெள்ளைப்படுதலுக்கும் கொடுக்கும் புளூகோனசோலும் இயந்திரத்தை நிறுத்தும் இனத்தவை. வலிப்புக்கான பெனிடாயின் அதைப் பெருக்கும் இனத்தது. கொரோனாக் காலத்தில் 2021 இறுதியில் வந்த புது மாத்திரையிலும் ரிட்டோனாவிர் என்ற தடுப்பான் சேர்ந்திருந்ததால், மாற்று உறுப்பினர் சிலருக்கு டாக்ரோலிமஸ் பன்மடங்கு ஏறியது. கடைக்காரரிடம் இப்பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது நியாயமாகாது. ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லலாம்: வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்? அதற்கு உண்மையான விடை வரவேண்டுமே!

நம் நண்பரைச் சிறுநீரகம் மாற்றிய மருத்துவமனைக்கே கொண்டு சென்றோம். இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அனேகமாக இல்லை என்று வந்தது முடிவு. “இப்போது வேறென்ன மாத்திரை?” என்று இளம் பெண் டாக்டர் கேட்டார். நண்பர் சட்டைப் பையிலிருந்து செம்மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். அவர் அதைப் பார்த்த பார்வையை நாம் மறக்கவில்லை. கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. “இதைக் கொடுத்தவரிடம் ஆபரேஷன் ஆனதைச் சொன்னீர்களா, ஐயா?” என்று மட்டும் கேட்டார். நண்பர் தலை குனிந்தார். காசநோய் மருந்து மாற்றப்பட்டது. நிராகரிப்பை அடக்க ஊசி மருந்துகள் ஏற்றப்பட்டன. பதினெட்டு நாள்கள் அங்கே இருந்தோம். சிறுநீரகம் முழுதாகத் தப்பவில்லை; இருந்த வேலைத் திறனில் ஏறத்தாழப் பாதி திரும்பிற்று. அதைக் கொண்டு இன்றும் நடமாடுகிறார்.

மூன்றாம் நாள் அவர் தங்கை ஊரிலிருந்து வந்தார். கட்டிலருகே நெடுநேரம் ஒன்றும் பேசாமல் அமர்ந்திருந்தார். பிறகு நம்மை வெளியே அழைத்து, “அண்ணன்கிட்டே கேட்க மனசு வரல்லே. நான் கொடுத்தது இருக்குதுங்களா, போயிருச்சுங்களா?” என்று கேட்டார். இருக்கிறது என்றோம். பாதி என்று சொல்ல நமக்கு அப்போது நா எழவில்லை.

மகளின் திருமணம் அடுத்த ஆண்டு முடிந்தது. பேச்சுவார்த்தையின் முதல் நாளே நண்பர் தம் உடல்நிலையைச் சம்பந்தியிடம் சொல்லிவிட்டார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தம் அண்ணனுக்கும் வாரம் இருமுறை டயாலிசிஸ் நடப்பதாகச் சொன்னாராம். இப்போது நண்பரின் சட்டைப் பையில் பாலிதீன் உறையிட்ட சிறு நோட்டொன்று இருக்கிறது. முதல் பக்கத்தில் ஆபரேஷன் நடந்த நாளும் மருத்துவமனை எண்ணும். அடுத்து உண்ணும் மருந்துகள், அளவுகள். இறுதிப் பக்கத்தில் கூடாதவை, மகளின் கையெழுத்தில். ரிபாம்பிசின் என்று தொடங்கிப் பம்பளிமாசு வரை பதினான்கு பெயர்கள் உள்ளன. சென்ற மாதம் பல்வலிக்குப் போனபோது, நாற்காலியில் சாய்வதற்கு முன்பே நோட்டை எடுத்து டாக்டரிடம் நீட்டினாராம். அவர் படித்துவிட்டு, எழுதியிருந்த சீட்டைக் கிழித்து, வேறு சீட்டு எழுதினார்.